எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும்

ஜூன் 14, திங்கள்

இன்று முதல் காலை ஆறேகால் மணிக்கு வகுப்பு. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாலாம் வகுப்பில் எனக்குப் பதினொரு பிள்ளைகள். அதில் ஒன்பது வீட்டில் அப்பாவிடம் மட்டும்தான் பெரிய போன் இருக்கிறது. அப்பா வேலைக்குப் புறப்பட்டால் போனும் புறப்பட்டுவிடும். ஒருவர் பால் வண்டி ஓட்டுகிறார், ஒருவர் வாழைத்தார் லோடு ஏற்றுகிறார். ஊரடங்கு என்று இவர்கள் யாரும் வீட்டில் உட்கார முடியாது. ஆக, அப்பாக்களின் போன் வீட்டில் இருக்கும் நேரம்தான் எங்கள் பள்ளி நேரம். ஏழு மணிக்கு மேல் திரையில் ஒவ்வொரு முகமாக அணைந்துவிடும்.

போன வருடம் பாடப்புத்தகத்தைப் போனில் நடத்திப் பட்ட பாடு போதும். நான் கத்த, அவர்கள் கொட்டாவி விட, நெட் நடுவில் நின்றுபோக. இந்த வருடம் படக்கதைப் புத்தகங்கள். பள்ளி நூலகப் பெட்டியை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். பாதிப் புத்தகங்களில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று கிடந்தது. வீட்டுக்காரரிடம் ஒட்டித் தரச் சொன்னேன். எலக்ட்ரிக்கல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கும் மனிதர், கை பரபரத்துக்கொண்டே இருக்கிறது. மைதா பசை காய்ச்சி இரண்டு நாள் ஒட்டினார். என் பால் குண்டாவில் காய்ச்சியதை இன்றுதான் கண்டுபிடித்தேன்.

அவரே பிளாஸ்டிக் பைப்பை வெட்டி ஒரு ஸ்டாண்டும் செய்து கொடுத்திருக்கிறார். போன் மேலே தொங்கும். புத்தகம் கீழே விரிந்திருக்கும். நான் பக்கம் புரட்டினால் பதினொரு வீட்டிலும் பக்கம் புரளும். நன்றாகத்தான் செய்திருக்கிறார், அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 16, புதன்

இந்த வகுப்புக்கு ஒரு விதி உண்டு. டீச்சர் கதை சொல்லக் கூடாது. மூன்றே கேள்விகள்தான் கேட்கலாம்: என்ன தெரியுது? வேற என்ன தெரியுது? எதை வச்சு அப்படிச் சொல்ற? இருபத்து மூன்று வருடமாகப் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு இது பெரிய தண்டனை. இன்று நாலு தடவை வாயைப் பொத்திக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து டீ குடித்த வீட்டுக்காரர் அதை எண்ணிக்கொண்டிருந்தார்.

இட்லிக்கு உளுந்து ஊறப் போட வேண்டும்.

ஜூன் 18, வெள்ளி

இன்றைய வகுப்பு அமர்க்களம். எழுத்தே இல்லாத ஒரு எருமைப் புத்தகம். ஏழாம் பக்கத்தில் எருமை ஒரு வீட்டு வாசல் வழியாக உள்ளே போகிறது. பக்கத்தைப் புரட்டினால் தெருவில் ஓடுகிறது. உடம்பெல்லாம் ஈரம். கொம்பில் பச்சைச் சேலை. முதுகில் ஒரு சேவல். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. படம் வரைந்தவர் கெட்டிக்காரர், குழந்தைகளே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டார் என நினைத்தேன். அதையே பிள்ளைகளிடமும் சொன்னேன்.

நிதர்சனுக்கு வாய் சும்மா இருக்குமா. "டீச்சர், அது வேற மாவட்டத்துக்குப் போயிருக்குங்க. இ-பாஸ் இல்லீங்க. அதான் மருந்து அடிச்சு விட்டுட்டாங்க."

"சேலை?"

"மாஸ்க்குங்க டீச்சர். பெருசா வேணுமில்லீங்க, எருமைக்கு."

அபிஸ்ரீ ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க டீச்சர், அது அவங்கம்மா வீட்டுக்குப் போச்சுங்க. அம்மா வீட்டுக்குப் போனா குளிக்கச் சொல்வாங்க, அப்பறம் சேலை எடுத்துக் குடுப்பாங்க."

"சேவல்?"

"குழம்பு வெக்கறதுக்குங்க."

இடையில் சஷ்டிகா, "ஒரு பக்கம் இல்லீங்க டீச்சர்" என்றாள். பால் வண்டிக்காரர் மகள். நான் விடுவேனா. "பக்கமெல்லாம் பத்திரமா இருக்குது. உன்ற கவனம்தான் எருமை பின்னாலயே போயிருச்சு. போய்ப் புடிச்சுட்டு வா சாமி" என்றேன். பதினொரு வீட்டிலும் சிரிப்பு. யாரோ ஒருவருடைய அப்பாகூடச் சிரித்தார். இப்படி நாலு வார்த்தை கலகலப்பாகப் பேசினால்தான் பிள்ளைகளுக்கு வகுப்பு பிடிக்கும்.

ஜூன் 19, சனி

விடுமுறை நாள்தான். ஆனாலும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக வந்து குவிகின்றன. எருமை சினிமாவில் நடித்தது. எருமை கிணற்றில் விழுந்தது. எருமை ஓட்டுப் போடப் போனது. நிதர்சன் மட்டும் ஆறு பதிவு, அதில் ஒன்றில் அவன் அம்மா "போனை வெக்கிறயா இல்லையா" என்று அதட்டுவதும் சேர்ந்து வந்திருக்கிறது. மதியம் வரை கேட்டுக் கேட்டுச் சிரித்தேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஜூன் 21, திங்கள்

இன்றும் எருமைதான். முடித்துவிட்டு வேறு புத்தகம் எடுக்கலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்கள். சஷ்டிகாவின் போனில் இன்று முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் தெரிந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு எங்கே போனாளோ. நிதர்சன், "அவ எருமையைத் தேடிட்டுப் போயிருக்கறாளுங்க டீச்சர்" என்றான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 23, புதன்

மாலையில் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எருமைப் புத்தகத்தை எடுத்த வீட்டுக்காரர், "ஏம்புள்ள, இந்தத் தாள் மட்டும் என்ன இத்தன தடிப்பமா இருக்குது?" என்றார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் காய்ந்த பசை. கத்தியை விட்டு மெதுவாக நெம்பினேன். இரண்டு தாள்கள் பிரிந்தன.

எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் உள்ளே இருந்தன. ஒரு கொல்லைப்புறம், கொடியில் துணி, சேவல் கூடை, வாளித் தண்ணீரை எருமை மேல் வீசுகிற ஒரு அம்மாள். எல்லாம் தெளிவாக இருக்கிறது. பக்கத்தின் கீழே எண்கூடப் போட்டிருக்கிறார்கள். ஏழுக்கு அடுத்துப் பத்து வந்ததை நான் பார்க்கவே இல்லை.

இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒட்டியது அவர். பசையைக் கொட்டினால் இப்படித்தான். நாளைக்கு வகுப்பில் சாதாரணமாகச் சொல்லிவிடலாம். "அந்தப் புள்ள சொன்னது சரியாப் போச்சே" என்றார் அவர். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை.

ஜூன் 24, வியாழன்

சொல்லத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனைத் திறந்தால் பெயர்ப் பட்டியலில் பன்னிரண்டாவதாக நவமணி மேடம். வட்டார ஆசிரியர் பயிற்றுநர். வகுப்பைப் பார்க்க முன்னறிவிப்பு இல்லாமல் வந்திருக்கிறார். கேமரா அணைந்திருந்தது, மைக் அணைந்திருந்தது, பெயர் மட்டும் மின்னியது.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இத்தன நாளா ரெண்டு பக்கத்த உங்களுக்குக் காட்டாமயே வச்சிருந்தனே, கண்டுபுடிச்சீங்களா?"

பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் சஸ்பென்ஸ் வைத்துவிட்டார்களாம். பிறகு எட்டும் ஒன்பதும் காட்டினேன். ஓட்டெடுப்பு நடந்தது. நிஜமான பக்கத்துக்கு ஒரே ஒரு ஓட்டு, இ-பாஸ் கதைக்கு ஆறு. "அவங்க வரைஞ்சது அவ்வளவு நல்லா இல்லீங்க டீச்சர்" என்று அபிஸ்ரீ தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

சஷ்டிகா ஆறரைக்கே போய்விட்டாள். நெட் போயிருக்கும்.

ஜூன் 26, சனி

நவமணி மேடம் போன் செய்தார். என்னைப் பேசவே விடவில்லை. "டீச்சர், இருவது வருஷமா வகுப்புப் பாக்கறேன், இப்படிப் பாத்ததில்ல. வேணும்னே ரெண்டு பக்கத்த மறைச்சு, ஒரு வாரம் குழந்தைகள யோசிக்க விட்டு, அப்பறமா எடுத்துக் காட்டறதுன்னா சும்மாவா?" அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்: மறைபக்க முறை. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்றியத்தில் உள்ள ஆசிரியர்கள் எல்லோரும் என் வகுப்பை இணையத்தில் பார்க்கப் போகிறார்கள். அறுபத்திரண்டு பேர். சுற்றறிக்கை தயாராகிவிட்டதாம்.

"மேடம், அது வந்து" என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். "தன்னடக்கமெல்லாம் வேண்டாங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "பசை காய்ச்சினவனுக்கு ஒரு பொன்னாடை போடச் சொல்லு." மத்தியானம் அவருக்கு மட்டும் கூட்டில் உப்புக் குறைந்துவிட்டது.

ஜூன் 28, திங்கள்

சஷ்டிகா வரவில்லை. ஏழு மணிக்கு முன்பே அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஏழு மணி வரைக்கும் போன அவகிட்டத்தானுங்க டீச்சர் குடுத்து வெக்கறேன். தொட மாட்டேங்கறா. எம்மேலயே எரிஞ்சு விழறா. என்னன்னு கேட்டா சொல்றதில்லீங்க" என்றார். பின்னால் வண்டி உறுமியது. சரிங்க, பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 29, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. சஷ்டிகா வரவில்லை.

ஜூன் 30, புதன்

மாணவர் பதிவேடு எழுதி முடிக்க வேண்டிய நாள். எங்களுடையது இரண்டு ஆசிரியர் பள்ளி. இவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே என்னிடம்தான் இருக்கிறார்கள். சஷ்டிகாவின் பக்கத்தை எடுத்தேன். ஒன்றாம் வகுப்பு: கூச்ச சுபாவம், வகுப்பில் பேசுவதில்லை. இரண்டாம் வகுப்பு: பேசுவதில்லை. மூன்றாம் வகுப்பு: பேசுவதில்லை. மூன்றும் என் கையெழுத்து.

பேனாவை மூடிவிட்டேன். உண்மைதான். பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்பாள், அதுவும் உதடு மட்டும் அசையும். கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பாள். மூன்று வருடத்தில் அவளாக வாயைத் திறந்து வகுப்பில் சொன்ன முதல் வாக்கியம், "ஒரு பக்கம் இல்லீங்க டீச்சர்."

அதற்கு நான் பதில் சொன்னேன். கலகலப்பாகச் சொன்னேன்.

ஒரு பாட்டம் அழுதேன். அவர் வந்து பார்த்துவிட்டுப் போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தார்.

ஜூலை 1, வியாழன்

வகுப்பு முடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு சஷ்டிகா வீட்டுக்குப் போனேன். பையில் எருமைப் புத்தகம். அவள் அம்மா மில்லுக்குப் போய்விட்டாள். சஷ்டிகா மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொம்பை வைத்துவிட்டு, துண்டை எடுத்து மூக்கு வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நான் தள்ளியே ஒரு பால் கேனைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். புத்தகத்தை விரித்துக் காட்டினேன். கிட்டே வந்து வாங்கி, பிய்ந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒட்டிக்கிச்சுங்களா?"

"ஆமா. பசை அதிகமாயிருச்சு."

"அப்ப அன்னிக்கு உங்களுக்கே தெரியாதுங்களா?"

"தெரியாது. உனக்குத்தான் தெரிஞ்சுது. எப்படித் தெரிஞ்சுது கண்ணு?"

"ஏழுக்கு அப்பறம் பத்துன்னு போட்டிருந்துச்சுங்க."

புத்தகத்தை மூடித் திருப்பித் தந்தாள். பிறகு, "நீங்களே மறைச்சு வெச்சதா சொன்னீங்க" என்றாள்.

"பொய் சொல்லீட்டேன் சாமி. மேடம் இருந்தாங்கன்னு பயந்துட்டேன். நீ சொன்னதுதான் சரி. நான் உன்னக் கேலி பண்ணுனது தப்பு."

சொம்பை எடுத்து அடுத்த செடிக்கு விட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"நிதர்சன் என்னைய எருமைங்கறான். அபிஸ்ரீயும் சொல்றா. நீங்க இங்க சொன்னா எனக்கு மட்டும்தான கேக்குதுங்க."

நியாயம்தானே. எல்லோருக்கும் முன்னால் பறித்துக்கொண்டதை மிளகாய்ச் செடி பக்கத்தில் வைத்துத் திருப்பித் தந்தால் எப்படி? நாளைக்கு வா என்றேன். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது நாலு பச்சை மிளகாய் பறித்துக் கொடுத்தாள்.

ஜூலை 2, வெள்ளி

நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. புதுச் சேலை கட்டினேன். போன் புத்தகத்தைத்தான் பார்க்கப் போகிறது, என் சேலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் அவர். கட்டினால் தைரியம் வரும் என்றேன்.

ஆறேகாலுக்குத் திரையில் எழுபத்து நாலு பேர். என் பிள்ளைகள் பதினொன்று, ஆசிரியர்கள் அறுபத்திரண்டு, நவமணி மேடம். பதினோராவது கட்டத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரிந்தது. வந்துவிட்டாள்.

மேடம் இரண்டு நிமிடம் மறைபக்க முறையைப் புகழ்ந்தார். நான் போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றி என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பக்கத்த மறைக்கவே இல்லீங்க. மைதா பசையில ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சு. எனக்கு அது தெரியல. எங்க சஷ்டிகா முத நாளே ஒரு பக்கம் இல்லீங்கன்னு சொன்னா. நான் அவளக் கேலி பண்ணி எல்லாத்தையும் சிரிக்க வச்சேன். அப்பறம் பக்கம் கெடைச்சப்ப, நானே மறைச்சு வச்ச மாதிரி பொய் சொன்னேன். சஷ்டிகா பாத்ததுதான் சரி. நான் பாக்கல."

நிதர்சன்தான் முதலில் மைக்கைத் திறந்தான்.

"டீச்சர், நீங்க பொய் சொன்னீங்களா?"

"ஆமாப்பா."

"பெரியவங்க பொய் சொல்லலாமுங்களா?"

"சொல்லக்கூடாது. சொல்லீட்டேன்."

"அப்ப நானும் அவள எருமைன்னு சொன்னது வாபஸுங்க" என்றான். பிறகு வாபஸ் என்றால் என்ன என்று அபிஸ்ரீ கேட்டு, பத்து நிமிடம் அதிலேயே போனது. கூரை அசையவே இல்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 3, சனி

நேற்று இரண்டு தடவை, இன்று ஒரு தடவை மேடம் அழைத்திருந்தார். நான் எடுக்கவில்லை. மத்தியானம் துணிந்து எடுத்தேன். திட்டவில்லை. "சுத்தறிக்கையத் திரும்ப வாங்கறதுக்குள்ள பாதிப் பள்ளிக்கூடத்துல பக்கத்த ஒட்டீட்டாங்க டீச்சர். இனி நான் என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்றார். குரலில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. அடுத்த மாதக் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடியே பேசச் சொல்லியிருக்கிறார். பேசுகிறேன் என்றேன்.

வீட்டுக்காரரிடம் மனம் விட்டுச் சொன்னேன்: அத்தனை பேர் முன்னால் சொல்லியும் அந்தப் பிள்ளை பேசவில்லையே. "நீ சொல்ல வேண்டியதச் சொன்ன. அது பேச வேண்டிய நேரத்துல பேசும். தலைவலி மாத்திரையா, போட்டதும் கேக்கறதுக்கு?" என்றார். எழுபத்து நாலு பேருக்கு முன்னால் மானம் போனதற்குக் கூலியை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பால் குண்டாவில் இன்னும் பசை வாசம் போகவில்லை. புளி போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஜூலை 5, திங்கள்

கூரை வந்தது. பேச்சு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 8, வியாழன்

புதுப் புத்தகம். திருவிழாவுக்குப் போகிற ஒரு பஸ். உள்ளே கூட்டம், கூரை மேல் மூட்டை, முன்கண்ணாடி முழுக்க மாலை. கேட்கும் முன்னால் எல்லாப் பக்கத்தையும் நானே எண்ணிவிட்டேன், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துவிட்டேன்.

"என்ன தெரியுது?"

ஆளாளுக்குச் சொன்னார்கள். பிறகு ஒரு சின்னக் குரல். எந்தக் கட்டம் என்று தேடினேன். கூரை.

"டீச்சர், டிரைவர் இல்லீங்க. பஸ் தானாப் போகுதுங்க."

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். குனிந்து படத்தைப் பார்த்தேன். டிரைவர் இருக்கிறார். மாலைக்குப் பின்னால் ஒரு காக்கிக் கையும், ஸ்டியரிங்கின் ஒரு ஓரமும் தெரிகிறது. நன்றாகப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் இருக்கிறார்.

ஆமா கண்ணு, டிரைவரே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மூன்று வாரம் கழித்து வாயைத் திறந்திருக்கிறாள். இப்போது நீ சொன்னது தப்பு என்றால், திரும்பவும் கூரையைப் பார்த்துக்கொண்டே இந்த வருடத்தை ஓட்டுவேன், பதிவேட்டில் நாலாவது தடவையும் அதையே எழுதுவேன். ஆனால் இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருக்கறாரு சாமி. அந்த மாலைக்குப் பின்னால பாரு, காக்கிச் சட்டைக் கை ஒண்ணு தெரியுதா?"

யாரும் சிரிக்கவில்லை. கூரை ஆடியது. பிறகு கூரை போய் ஒரு கண் வந்தது, கட்டம் முழுக்க ஒற்றைக் கண். படத்துக்கு அவ்வளவு கிட்டே வந்து பார்க்கிறாள்.

"அட ஆமாங்க டீச்சர். நாந்தான் சரியாப் பாக்கல."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். கண் பின்னால் நகர்ந்து, மூக்கு வந்தது, முகம் வந்தது, ஒரு பக்கம் மட்டும் பின்னின சடை வந்தது.

"ஆனா டீச்சர், அவருக்கு முன்னால ஒண்ணுமே தெரியாதுங்களே. இத்தன மாலை போட்டா எப்படிங்க ஓட்டுவாரு? எங்கப்பா வண்டியில சின்னதா ஒண்ணு போட்டாலே திட்டுவாருங்க. அப்பறம் அந்தக் கண்டக்டர் பாருங்க, அவரு விசில வாயில வெக்காம காதுல வெச்சிருக்கறாரு, இல்லீங்க, அது பேனாவுங்க, இருங்க பாக்கறேன்..."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நிதர்சன்கூட மைக்கைத் திறக்கவில்லை. ஏழு மணிக்கு அவள் அப்பா போனைக் கேட்கும் குரல் கேட்டது.

"இருங்கப்பா, பேசிட்டிருக்கறனில்ல" என்று சொல்லிவிட்டு, மேலே பேசிக்கொண்டே போனாள்.